குவாரிக்குப் பக்கத்து வாறுகால்: தூர்வார வேண்டியது யார்?

உடைமரத்தான்:

சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல, கிழக்குக் கடற்கரைச் சாலையில இருந்து கடலைப் பார்த்துத் தெக்க இறங்குற ரோடு ஒண்ணு. ஊர்ப் பேரு வேண்டாம், தெரிஞ்சவங்க தெரிஞ்சுக்குவீங்க. ரோட்டுக்கு மேக்கால பட்டா நிலத்துல சவுடு குவாரி, அதாவது நிரப்புறதுக்கு மண் வெட்டுற குவாரி, ஓடுது. அந்தப் பக்கமேதான் வாறுகாலும், அதான் ரோட்டோர மழைநீர் வடிகாலும், போகுது. மழைத் தண்ணி வடக்க இருந்து வந்து அதுல ஓடி, ஊரைத் தாண்டி ஓடையில விழுந்து, உப்பளம் வழியா கடலுக்குப் போகணும். போன வருஷம் வரைக்கும் அரைகுறையாவாச்சும் போச்சு.

இந்த ஐப்பசியில ஒரு நல்ல மழைக்கே தண்ணி ரோட்டை ஏறிக் கிழக்க இறங்கி, ஊர் முகப்புல இருக்கிற வீட்டுக்குள்ள போயிருச்சு. வாறுகால்ல குத்துக்கால் வச்சு உட்கார இடமில்ல, அம்புட்டும் சவுடு. காய்ஞ்சா பாறை, நனைஞ்சா களி.

ஒரு அலுவலகத்துல கேட்டா "அது ஊராட்சி ரோடு"ங்கிறாங்க. ஊராட்சியில கேட்டா "அது ஹைவேஸ் ரோடு"ங்கிறாங்க. இன்னொரு இடத்துல "குவாரியால வந்தது, குவாரிக்காரரைக் கேளுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. குவாரிக்காரர் என்னமோ மரியாதையாத்தான் பேசுறார். "ஜேசிபி அனுப்புறேன், ஒரு நாள்ல முடிச்சிரலாம்"ங்கிறார். ஊர்ல பாதிப் பேரு வாங்கிக்குவோம்ங்கிறாங்க. மீதிப் பேரு வேண்டாம்ங்கிறாங்க, ஆனா ஏன் வேண்டாம்னு யாருக்கும் சொல்லத் தெரியல. எனக்கும் வேண்டாம்னுதான் தோணுது.

சட்டப்படி இது யார் வேலை? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாடைக்காற்று:

தம்பி, நான் கீழக்கரை. 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கா? ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல ஊத்துச்சு. நம்ம மாவட்டத்துக்கு வருஷம் முழுக்க சேர்ந்தாலே 80 சொச்சம் சென்டிமீட்டர்தான். அந்த மாதிரி ஒரு நாள் உங்க பக்கம் வந்துச்சுன்னா "யார் பொறுப்பு"ன்னு கேக்க ஊர்ல ஆள் வீட்டுக்குள்ள இருக்க முடியாது. ஜேசிபி வருதுன்னா விடுங்க. சட்டத்தைத் தை மாசம் பேசிக்கலாம்.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர்:

நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாறுகாலுக்கென்று தனி உரிமையாளர் கிடையாது. சாலை யாருடையதோ, சாலை எல்லைக்குள் ஓடும் வாறுகாலும் அவருடையது. ஆகவே முதல் கேள்வி "யார் தூர்வாருவது" அல்ல, "அந்தச் சாலை யாருடைய பதிவேட்டில் இருக்கிறது" என்பதுதான். மாநிலத் துறையிடம் மூன்று வகைச் சாலைகள் உண்டு: மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை. கடலோரக் கிராமங்களுக்குப் பிரியும் பல சாலைகள் மூன்றாவது வகை. அதற்கும் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை, அதற்கும் கீழே கிராம ஊராட்சிச் சாலை. எளிய அடையாளம் கிலோமீட்டர் கல். தலைப்பாகம் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் பெரும்பாலும் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லை மட்டும் நம்பி மனு எழுதிவிடாதீர்கள், கல் நட்ட பிறகு சாலை கைமாறியிருக்கலாம். ஆனால் தேட ஆரம்பிக்க அது போதும்.

இரண்டாவது விஷயம், இதை யாரும் கேட்கவில்லை. லாரி குவாரிக்குள் திரும்புகிறதே, வாறுகாலை எப்படித் தாண்டுகிறது? அந்த இடத்தில் குழாய் போட்டிருக்கிறார்களா, இல்லை வாறுகாலை மண்ணால் மூடி ஏத்துப்பாதை அமைத்திருக்கிறார்களா? நான் பார்த்த குவாரிகளில் முக்கால்வாசி இரண்டாவது ரகம். குழாய் போட்டிருந்தாலும் அரை அடிக் குழாயைப் புதைத்துவிட்டுக் கணக்குக் காட்டுவார்கள், முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும். சாலை எல்லைக்குள் அப்படி மண் கொட்டுவதற்குத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன்படி அது ஆக்கிரமிப்பு. அந்த ஏத்துப்பாதை இருக்கிறவரை நீங்கள் நூறு தடவை தூர்வாரினாலும் தண்ணீர் அங்கே முட்டிக்கொண்டு சாலைமேல்தான் ஏறும்.

மூன்றாவது, ஜேசிபி. வேண்டாம் என்பவர்கள் பக்கம்தான் நானும். சாலை வாறுகாலை ஜேசிபிகாரர் வெட்டினால் பெர்மையும், அதாவது தாருக்கும் வாறுகாலுக்கும் நடுவில் உள்ள மண் ஓரத்தையும், சேர்த்துச் சுரண்டிவிடுவார். தாரின் ஓரம் தாங்கல் இல்லாமல் நிற்கும். டாரஸ் லாரி ஒரு சக்கரத்தை ஓரத்தில் வைத்தால் அங்கேயே உடைந்து இறங்கும். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே வரும். எந்த மட்டத்துக்கு வெட்ட வேண்டும், எந்தச் சரிவில் வெட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். நமது மாவட்டத்தில் தரை தட்டையானது. அரை அடி அதிகமாக வெட்டினால் தண்ணீர் ஓடாது, தேங்கிக் கொசு வளர்க்கும்.

டாரஸ் பாண்டி:

நான் டிப்பர் ஓட்டுறவன். உங்க குவாரி இல்ல, பக்கத்து ஏரியா. எல்லாரும் லாரியவே குறை சொல்றீங்க, ரெண்டு விஷயம் கேக்குறேன்.

ஒண்ணு. 2024-ல இருந்து கண்மாய் மண்ண விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் தாசில்தார் ஆபீஸ் பர்மிட்லயே இலவசமா எடுக்கலாம்னு ஆச்சுல்ல. அந்த டிராக்டர் எத்தனை ஓடுது? டிராக்டர் டயர்ல ஒட்டுற மண்ணு ரோட்டுல விழாதா? படுதா போட்டு எந்த டிராக்டர் போகுது? நாங்க படுதா போடலைன்னா நிறுத்தி வைக்கிறாங்க. ஓவர்லோடுன்னா 20,000 ரூவா, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எங்க முதலாளி கட்டுறாரு.

ரெண்டு. குவாரிக்காரர் ஒவ்வொரு லோடுக்கும் சீனியரேஜ், அதான் அரசுக்குக் கட்டுற கனிமக் கட்டணம், கட்டித்தான் லோடு கொண்டு போற நடைச்சீட்டு வாங்குறாரு. அதுக்கு மேல பசுமை நிதி, மாவட்டக் கனிம நிதி. 2025 ஏப்ரல்ல இருந்து கனிம நில வரி வேற. இவ்வளவும் கட்டுனவரு வாறுகாலையும் தோண்டணும்னா, கட்டுன காசு எதுக்கு? அதக் கேளுங்க மொதல்ல.

உடைமரத்தான்:

பாண்டி, கோவிச்சுக்காதீங்க. உங்கள மாதிரி டிரைவர யாரும் சொல்லல. ஆனா டிராக்டர் எங்க ரோட்டுல சித்திரை வைகாசியில ஓடுச்சு, குவாரி லாரி வருஷம் பூரா ஓடுது.

இன்ஸ்பெக்டர் ஐயா சொன்ன ஏத்துப்பாதையைப் போய்ப் பார்த்தேன். குழாயே இல்ல. வாறுகாலை மூடி மேல சல்லி போட்டு உருட்டியிருக்காங்க. இத்தனை நாள் அது வழியாத்தான் பைக்குல போயிருக்கேன், இது ஒரு அணைக்கட்டுன்னு மனசுல படல.

செல்வி, திருப்புல்லாணி:

நான் நூறு நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா இருந்தவள். ஊராட்சி பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்லணும்ல.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110. கிராம ஊராட்சி கட்டாயமாச் செய்ய வேண்டிய வேலைன்னு ஒரு பட்டியல் இருக்கு. கிராமச் சாலை, அதுல இருக்கிற சிறுபாலம், வடிகால் கட்டுறது, கழிவுநீரை வெளியேத்துறது எல்லாம் அதுல வருது. அதனால "எங்க வேலை இல்ல"ன்னு ஊராட்சி ஒரேயடியாக் கை கழுவ முடியாது. ஆனா அது ஊராட்சியோட சாலையா இருந்தாத்தான். ஹைவேஸ் ரோட்டு வாறுகால்ல ஊராட்சி காசப் போட்டா தணிக்கையில ஆட்சேபணை வரும். நூறு நாள் ஆட்களையும் அங்க இறக்க முடியாது. எங்க ஆளுங்க ஒருதடவை ரோட்டோரம் முள்ளு வெட்டுனதுக்கே "இது யார் எஸ்டிமேட்"ன்னு கேள்வி வந்துச்சு.

பாண்டி அண்ணன் காசு எங்கன்னு கேட்டாருல்ல, அது சரியான கேள்வி. சிறுகனிம சீனியரேஜ் உள்ளாட்சிக்கு ஒதுக்கப்படுற வருமானம். ஆக, குவாரி ஓடுற ஊராட்சிக்கு அதுல காசு வந்திருக்கணும். எவ்வளவு வந்துச்சு, எந்தக் கணக்குல போச்சுன்னு கிராம சபையில வரவு செலவு வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஒரு சிக்கல். நம்ம மாவட்டத்துல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தனி அலுவலர்தான். ஒரு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) எத்தனை ஊரைப் பார்ப்பார் சொல்லுங்க. முன்னாடி தலைவர் வீட்டுத் திண்ணையில போய்ச் சண்டை போடலாம். இப்ப சண்டை போடக்கூட ஆள் இல்ல.

வாடைக்காற்று:

செல்விம்மா சொல்றது எல்லாம் சரி. ஆனா அடுத்த கிராம சபை வர்றதுக்குள்ள வடகிழக்குப் பருவமழையே முடிஞ்சிரும்மா.

கருப்புக்கோட்டு:

மதுரையில் வழக்கறிஞராக இருக்கேன், சொந்த ஊர் கமுதி. கீழக்கரைக் காக்கா, அதான் வாடைக்காற்று அண்ணன், சொல்ற அவசரமும் புரியுது. ஆனா "யார் பொறுப்பு"ங்கிறதுல ரெண்டு கேள்வி கலந்து கிடக்கு, அதைப் பிரிச்சாத்தான் வழி தெரியும். வாறுகாலை வழக்கமாப் பராமரிக்கிறது ஒரு பொறுப்பு. அதுல சவுடு வந்து விழாமப் பார்த்துக்கிறது வேற பொறுப்பு. முதலாவது சாலை வச்சிருக்கிறவருது. ரெண்டாவது குவாரிக் குத்தகைதாரரோடது. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை கிடையாது.

குத்தகைதாரர் பொறுப்பு எங்க எழுதியிருக்கு? 2012 பிப்ரவரி 27-ல உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்குல, 5 ஹெக்டேருக்குக் குறைஞ்ச சிறுகனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்லிருச்சு. நடுவுல 2020-ல சாலை, ரயில்பாதை மாதிரி வேலைகளுக்குச் சாதா மண் எடுக்க அனுமதி தேவையில்லைன்னு மத்திய அரசு ஒரு விலக்குக் கொடுத்தது. 2024 மார்ச் 21-ல அதையும் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. 2025-ல நிபந்தனைகளோட ஒரு விலக்கு திரும்ப வந்துச்சு. அதனால "ரோடு வேலைக்குத்தான் மண் போகுது"ன்னு சொன்னா, அந்த நிபந்தனைப்படி நடக்குதான்னு கேளுங்க. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்துல நிபந்தனைகள் வரிசையா இருக்கும். குழியைச் சுத்தி மழைநீர் வாய்க்கால் வெட்டணும், வண்டல் படிய ஒரு தொட்டி வைக்கணும், லாரி போற பாதையைப் பராமரிக்கணும்னு சாதாரணமாப் போடுவாங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை இதையெல்லாம் செஞ்சேன்னு அறிக்கை கொடுக்கணும். கடிதத்தோட நகல் ஊராட்சிக்கும் போகணும்ங்கிறது வழக்கமான நிபந்தனை. இணையத்துல பரிவேஷ்ங்கிற மத்திய அரசோட சுற்றுச்சூழல் அனுமதித் தளத்துலயும் தேடலாம். அதைக் கையில வச்சுக்கிட்டுப் பேசுறதும், சும்மா போய் "மண் வருதுங்க"ன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல.

குழி ஊர்ச் சாலையில இருந்து 10 மீட்டர், பக்கத்துப் பட்டாவுல இருந்து 7.5 மீட்டர் தள்ளி இருக்கணும்னும் குத்தகை உத்தரவுல பொதுவாப் போடுவாங்க. டேப் எடுத்துட்டுப் போங்க.

காசு விஷயம். மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015 சட்டத் திருத்தத்துல வந்தது, நம்ம மாநிலத்துல தலைவர் ஆட்சியர். அதுக்கான மத்திய வழிகாட்டுதல்ல நிதியில பெரும்பங்கு முன்னுரிமைத் துறைகளுக்குன்னு இருக்கு. முதல்ல 60 சதவீதம், பின்னால 70 ஆக்கினாங்க. அந்த முன்னுரிமைப் பட்டியல்ல துப்புரவுத் தலைப்புக்குக் கீழ "முறையான வடிகால்" பேரு சொல்லியே வருது. சாலையும் பாலமும் மீதிப் பங்குல வரும். நீங்க "ரோடு போட்டுத் தாங்க"ன்னு கேட்காம "வடிகால் கட்டித் தாங்க"ன்னு கேட்டா வரிசையில முன்னாடி நிக்கலாம்.

"நிதி இல்ல"ன்னு எந்த உள்ளாட்சியாவது சொன்னா ரத்லாம் நகராட்சி வழக்கைச் சொல்லுங்க. 1980, நீதிபதி கிருஷ்ணய்யர். மத்தியப் பிரதேசத்துல ஒரு வார்டு சனங்க சாக்கடைக்காகப் போட்ட வழக்கு. பணம் இல்லைங்கிறது கடமையைச் செய்யாததுக்குச் சாக்கு ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அந்த வழக்கு பொதுத் தொல்லைப் பிரிவுல, ஒரு மாஜிஸ்திரேட் உத்தரவுல ஆரம்பிச்சது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போ அதுக்குப் பதிலா வந்திருக்கிற பிஎன்எஸ்எஸ் சட்டத்துல பிரிவு 152. கோட்டாட்சியரிடம் அந்தப் பிரிவுல மனு கொடுக்கலாம். ஐகோர்ட்டுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்ல.

டாரஸ் பாண்டி:

வக்கீல் சாரே, இவ்வளவையும் மனுவுல எழுதுனா குவாரிய மூடிருவாங்க. ஓட்டுற, லோடு ஏத்துற, பஞ்சர் ஒட்டுற அம்பது குடும்பம் என்ன பண்றது? ஒரு குழாய் போடுன்னு சொன்னா போட்டுட்டுப் போறாரு.

கருப்புக்கோட்டு:

மூடச் சொல்லி யாரும் கேட்கல. நிபந்தனைப்படி நடத்தச் சொல்லிக் கேட்குறோம். குழாய் போடுறதும் அதுல ஒண்ணுதான்.

உப்பாத்துக்கரை:

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் தலையில நின்னு பேசுறீங்க, வாலில இருக்கிறவன் நான். உடைமரத்தான் சொல்ற மாதிரி ஓடை வந்து விழுற ஒரு இடத்துல உப்பளத்துல பாத்தி போட்டுப் பொழைக்கிறேன். அதே ஓடையா இருந்தாலும் இருக்கும்.

நீங்க மேல தூர்வாரிட்டீங்கன்னா அந்தச் சவுடுத் தண்ணி எங்க வரும்? எங்க தெப்பத்துக்கு, அதான் உப்பளத்துல தண்ணி தேக்குற இடத்துக்கு, வரும். மழைக் காலத்துல உப்பு எடுப்பு இல்ல, சரி. ஆனா தெப்பத்துல களி படிஞ்சா தை மாசிக்கு அதை வழிச்சு எடுத்து, மிதிச்சுத் தரை கட்டணும். அந்தக் கூலிய எந்தத் துறை தரும்? தரை சரியில்லைன்னா முதல் வாட்டம் உப்பு பழுப்பாத்தான் விழும், வியாபாரி பாதி வெலைக்குக் கேப்பான்.

ஓடை வாயும் அடைஞ்சுதான் கிடக்கு. கச்சான் காத்துல அலை மண்ண ஒதுக்கி ஒதுக்கி முகத்துவாரத்துல திட்டு விழுந்திருச்சு. முன்னாடி கடலுக்குப் போற ஆளுங்க மழைக்கு முன்னாடி மம்பட்டியோட வந்து வெட்டி விடுவாங்க. இப்ப யாரும் வர்றதில்ல. நீங்க வாறுகாலைத் தோண்டி வச்சுட்டு, கீழ போக்கு இல்லைன்னா அந்தத் தண்ணி அங்கனயேதான் நிக்கும்.

உடைமரத்தான்:

அண்ணாச்சி, நீங்க சொல்றது நியாயம். ஆனா ஒரு வார்த்தை. ஓடைக்குக் குறுக்க உப்பளத்து வரப்பு நிக்குதுன்னும் எங்க ஊர்ல சொல்றாங்களே? பழைய ஆளுங்க, அங்க முப்பது அடி ஓடை போச்சுங்கிறாங்க. இப்ப பத்தடி கூட இல்ல.

உப்பாத்துக்கரை:

வரப்பு எங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான் இருக்கு.

மட்டுறுத்துநர்:

ஊர்ப் பெயர், குவாரி உரிமையாளர் பெயர், அலுவலர் பெயர், சர்வே எண் எதையும் இங்கே போட வேண்டாம். ஒரு பதிவு நீக்கப்பட்டிருக்கிறது. விவாதம் தொடரட்டும்.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர்:

உப்பாத்துக்கரையார் எழுதியதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவர் சொன்னதுதான் வேலையின் உயிர். வடிகால் வேலையைக் கடல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் முகத்துவாரம், பிறகு ஓடை, பிறகு ஊர் வாறுகால், கடைசியாகக் குவாரி வாசல். மேலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் கீழே இருப்பவன் எதிரியாகிவிடுவான். இப்போது இந்த இழையிலேயே அது நடக்கிறது.

ஓடை யாருடையது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கண்மாய்களில் 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) இருந்தால் நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் ஓடை ஏதாவது கண்மாயின் உபரி நீர் வெளியேறும் மறுகால் ஓடை என்றால் அந்தக் கண்மாயைப் பார்க்கும் துறையிடமே போங்கள். எந்தக் கண்மாயோடும் சேராத வெறும் ஓடைப் புறம்போக்கு என்றால் நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். வட்டாட்சியர்தான் அளந்து எல்லை காட்ட வேண்டும். வரப்பு ஓடைக்குள் இருக்கிறதா, பட்டாவுக்குள் இருக்கிறதா என்பதை நில அளவைப் புலப்படம்தான் சொல்லும். எங்கள் அப்பா காலத்திலிருந்து என்பதும் முப்பது அடி என்பதும் சர்வேயர் சங்கிலிக்கு முன்னால் நிற்காது.

பாண்டித் தம்பி ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார், நானே கேட்கிறேன். மழைக் காலத்தில் குழியில் நிற்கும் தண்ணீரைக் குவாரியில் என்ன செய்கிறார்கள்?

டாரஸ் பாண்டி:

ஐயா சரியான எடத்துல கைய வைக்கிறீங்க. எங்க ஏரியாவுல ராத்திரி மோட்டார் போட்டு ரோட்டு வாறுகாலுக்குத்தான் அடிக்கிறாங்க. காலையில லோடு எடுக்கணும்ல. உடைமரத்தான் ஊர்ல எப்படின்னு எனக்குத் தெரியாது.

உடைமரத்தான்:

இங்கயும் அதேதான். மழை விட்டு ரெண்டு நாள் ஆனப்புறமும் வாறுகால்ல தண்ணி ஓடுறதைப் பார்த்து "ஊத்து பொங்குது"ன்னு கிழவிக பேசிக்கிட்டாங்க. பாண்டி சொன்னப்புறம் ராத்திரி போய் நின்னேன். மோட்டார்தான். வெள்ளையா, பால் கணக்கா அடிக்குது.

கருப்புக்கோட்டு:

அப்படின்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் போடுங்க. குழியில இருக்கிற களித் தண்ணியைத் தெளிய வைக்காம பொது வாறுகால்ல விடுறது தூர்வாரல் பிரச்சினையே இல்ல, அது வேற கணக்கு. நேரம் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து வைங்க. தனியாப் போகாதீங்க.

செல்வி, திருப்புல்லாணி:

பொம்பளைங்களையும் கூட்டிட்டுப் போங்க தம்பி. வீட்டுக்குள்ள வந்த சேத்த வழிச்சுப் போட்டது அவங்கதான். மனுவுல அவங்க கையெழுத்து முதல்ல இருக்கட்டும்.

உடைமரத்தான்:

எல்லாரும் சொன்னதை வச்சு கடைசி ரெண்டு வாரமா அலைஞ்சதுல ஒண்ணு கிடைச்சிருக்கு.

கடற்கரைச் சாலையில பிரியுற இடத்துல இருந்து குவாரி வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும் கறுப்புத் தலைக் கல்லு இருக்கு. அதுக்கப்புறம் கல்லே இல்ல. ரோட்டோட அகலமும் அங்கதான் சுருங்குது. வயசானவங்க கிட்ட விசாரிச்சா, முதல் பாதி ஹைவேஸ், ஊருக்குள்ள போற பாதி ஒன்றியம் போட்டதுங்கிறாங்க. அதாவது அடைப்பு இருக்கிறது ஒருத்தர் ரோட்டுல, தண்ணி நுழைஞ்ச வீடு இருக்கிறது இன்னொருத்தர் ரோட்டுல. ரெண்டு அலுவலகத்துலயும் "அது எங்களது இல்ல"ன்னு சொன்னது பொய் இல்ல போல. ஒருத்தர் வெள்ளம் வந்த இடத்தை நெனச்சுச் சொல்லியிருக்கார், இன்னொருத்தர் அடைப்பு இருக்கிற இடத்தை நெனச்சுச் சொல்லியிருக்கார். நான்தான் "ஊர் வாறுகால்"னு மொட்டையா எழுதிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர்:

இதுதான் விஷயம். இப்போது இடம் குறித்து எழுதுங்கள். "இத்தனாவது கிலோமீட்டரில், மேற்குப் பக்கம், குவாரி நுழைவாயிலில் வாறுகால் மண்ணால் மூடப்பட்டுள்ளது" என்று உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒன்று. "கல் முடியும் இடத்திலிருந்து ஓடை வரை வாறுகால் தூர்ந்துள்ளது" என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று. கனிமவளத் துறைக்கு மோட்டாரும் நிபந்தனைகளும். வட்டாட்சியருக்கு ஓடை அளவீடு. நான்கையும் ஒரே தாளில் எழுதினால் நால்வரும் அடுத்த மூவருக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை முடிப்பார்கள்.

ஹைவேஸ் பகுதி பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பொள்ளாச்சிக் கோட்டத்தில் முதலில் கொண்டு வந்த முறை, செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு என்பார்கள். அதில் ஒப்பந்தக்காரர் ஐந்து வருடம் சாலையைக் குழியில்லாமல், வாறுகால் அடைப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் துறைக்குத் தனியாக எஸ்டிமேட் போடும் வேலைகூட இல்லை.

கருப்புக்கோட்டு:

கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. சாலைப் பதிவேட்டு நகல், கடைசியா எப்போ தூர்வாரினாங்க, ஏத்துப்பாதைக்கு அனுமதி உண்டா, மூணே கேள்வி. 30 நாள்ல பதில் வரணும். தப்பான அலுவலகத்துக்குப் போட்டிருந்தாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள்ள அவங்களே சரியான இடத்துக்கு மாத்தி அனுப்பணும். "எங்களது இல்ல"ன்னு உங்க கையில திருப்பிக் கொடுக்க முடியாது.

வாடைக்காற்று:

எல்லாம் சரி. 30 நாள், 5 நாள், 152. அதுவரைக்கும் ஜேசிபிய என்ன பண்ணப் போறீங்க? அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கருப்புக்கோட்டு:

காக்கா, ஜேசிபி வரட்டும். ஆனா நன்கொடையா வரக்கூடாது. "ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க" அப்படின்னு ஒரு வரி எழுதி ஃபோட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டாங்கன்னா, அன்னையில இருந்து தூர்வாருறது அவரோட தருமம் ஆயிரும். தருமத்தை அடுத்த வருஷம் நிறுத்தலாம், யாரும் கேட்க முடியாது. பொறியாளர் எழுத்துல "உம் ஏத்துப்பாதையால் அடைபட்டது, நீ எடு"ன்னு சொல்லி, அவங்க ஆள் பக்கத்துல நின்னு மட்டம் காட்டி எடுத்தா அது கடமை. வண்டியும் டிரைவரும் ரெண்டுலயும் ஒரே ஆள்தான்.

வாடைக்காற்று:

அந்த எழுத்து வர்றதுக்குள்ள வீடு மறுபடி முங்கிச்சுன்னா? நான் இதை ஒத்துக்கல தம்பி. பேப்பர்ல என்ன வேணா போட்டுக்கட்டும். எங்க ஊர்ல வெள்ளம் வந்தப்ப யார் மோட்டார் தந்தான்னு யாரும் பார்க்கல.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர்:

நடுவில் ஒரு வழி உண்டு. அவசரத்துக்கு ஏத்துப்பாதையை மட்டும் குறுக்கே வெட்டிவிடச் சொல்லுங்கள். அது ஒரு மணி நேர வேலை. லாரி இரண்டு நாள் நிற்கும், அவரே ஓடிப்போய்ப் பெரிய குழாய் வாங்கி வருவார். முழு வாறுகாலில் கை வைக்க விடாதீர்கள். வெட்டும்போது சாலைப் பணியாளர் ஒருவராவது அங்கே நிற்கட்டும். உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னாலே அனுப்புவார்கள்.

டாரஸ் பாண்டி:

ரெண்டு நாள்னா தாங்கிக்கலாம். குழாய் சின்னதாப் போட விடாதீங்க. லோடு வண்டி ஏறுனா பிளாஸ்டிக் குழாய் நசுங்கிரும், சிமெண்ட் குழாய், மேல கான்கிரீட். ஆள் குனிஞ்சு உள்ள போற சைஸ் இருந்தாத்தான் பின்னால சுத்தம் பண்ண முடியும்.

உடைமரத்தான்:

சரி ஐயா, நாளைக்கு அதைத்தான் பேசப் போறோம். செல்வியக்கா சொன்ன மாதிரி கையெழுத்து பொம்பளைங்ககிட்ட இருந்து ஆரம்பிச்சாச்சு. நாலு மனுவும் தனித்தனியா எழுதிட்டேன். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கொடுத்து ரசீது வாங்கிருவோம்.

உப்பாத்துக்கரை அண்ணாச்சி, வட்டாட்சியர் மனுவுல ஓடையை அளக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கேன், உங்க வரப்பை எடுக்கச் சொல்லி எழுதல. முகத்துவாரத் திட்டை வெட்டணும்னும், சவுடு தெளிய குவாரிக்குள்ளயே தொட்டி வைக்கணும்னும் சேர்த்திருக்கேன். உங்க ஆளுங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்.

உப்பாத்துக்கரை:

தொட்டி விஷயம் எழுதியிருக்கன்னா கையெழுத்துப் போடுறோம். சர்வேயர் வரட்டும். வரப்பு பட்டாவுக்குள்ள இருந்தா ஒரு சட்டி மண்ணு எடுக்க விடமாட்டேன். ஓடைக்குள்ள இருந்துச்சுன்னா பொங்கலுக்கு அப்புறம் நானே தள்ளிப் போட்டுக்கிறேன், மழையில வரப்ப வெட்டுனா பாத்தி பூராம் போயிரும். அதையும் மனுவுல எழுது.

உடைமரத்தான்:

எழுதிர்றேன் அண்ணாச்சி. சாயங்காலம் தாளை எடுத்துக்கிட்டு உப்பளத்துப் பக்கம் வர்றேன், எத்தனை மணிக்கு இருப்பீங்க?